முன்தோல் அறுவை சிகிச்சை: எதற்குத் தயங்குகிறீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 46. சில ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஆணுறுப்பின் முன்தோல் பின்னுக்கு வருவதில்லை. அடிக்கடி வெடித்து எரிகிறது. அதை நீக்கிவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லி ஓராண்டு ஆகிறது. நான் இந்து, இதைச் செய்துகொள்ளலாமா? தாம்பத்தியத்தில் குறை வருமா? மனைவியிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

பதில்: தாராளமாகச் செய்துகொள்ளலாம். உங்களுக்குச் சொல்லப்பட்டது சிகிச்சை. மதத்துக்கு அதில் வேலை இல்லை. சர்க்கரை கலந்த சிறுநீர் முன்தோலுக்குள் தங்கினால் பூஞ்சை வளரும். தோல் வெடிக்கும், ஆறும்போது தழும்பாகி இன்னும் இறுகும். தொடக்கத்திலேயே வந்தால் ஸ்டீராய்டு களிம்பில் தளர்த்திவிடலாம். தழும்பேறிய தோலில் அது பெரும்பாலும் பலிப்பதில்லை. டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் இந்தத் தொற்றைக் கூட்டக்கூடும். அவற்றைச் சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

தாம்பத்தியம் பற்றிய அச்சம் உங்களுக்கு மட்டும் உரியதல்ல. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆய்வுகளில் இந்தச் சிகிச்சை ஆண்களுக்கு எச்ஐவி தொற்றும் வாய்ப்பைச் சுமார் 60 சதவீதம் குறைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் இதைப் பரிந்துரைத்த பிறகும் அங்கே வயதுவந்த ஆண்கள் பலர் தயங்கினார்கள். வலி, தாம்பத்தியத்தில் குறை வருமோ என்ற அச்சம், கூலி இழப்பு, 'இது எங்கள் இன வழக்கமில்லை' என்ற எண்ணம், சிறுவர்களோடு வரிசையில் நிற்கும் கூச்சம் என்று காரணங்கள் பல. கென்ய ஆய்வில் சிகிச்சை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். விறைப்பிலோ இன்பத்திலோ குறை தெரியவில்லை. (அந்த 60 சதவீதம் உங்களுக்கான காரணம் அல்ல, உங்களுக்கு உங்கள் வெடிப்பே போதும்.) விறைப்பை உண்மையில் குலைக்கக்கூடியது கட்டுப்படாத சர்க்கரைதான்.

பெரும்பாலும் உறுப்பை மட்டும் மரக்கவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தையல் தானே கரையும். முதல் வாரம் இரவில் விறைக்கும்போது தையல் இழுத்து வலிக்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் ஒரு வாரம் விடுப்பு போதும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொண்டு செல்லுங்கள். அது எகிறியிருந்தால் புண் ஆறத் தாமதமாகும்.

மனைவியிடம் இன்றே சொல்லிவிடுங்கள். ஆறு வாரங்கள் உறவு கூடாது. எந்தச் சாக்குச் சொல்லி மறைப்பீர்கள்? அவருக்கும் அரிப்பு இருந்தால் சேர்ந்தே சிகிச்சை எடுக்க வேண்டும்.

அறுவை சிகிச்சை முடியும்வரை தோலை வலிந்து பின்னுக்குத் தள்ளாதீர்கள். பின்னால் போய் மாட்டிக்கொண்டு உறுப்பின் நுனி வீங்கினால், நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். தோலில் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ தெரிந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். அரிதாக அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.