மீன்கள் ஏன் செத்தன?

அன்புள்ள ஐயா,

பள்ளி இறுதித் தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கிறது. சுற்றுச்சூழல் அறிவியலில் வரையறைகள் எல்லாம் மனப்பாடம். ஆனால் 'காரணம் கூறுக' என்று வந்தால் பாதி மதிப்பெண்தான். கழிவுநீர் கலந்த ஏரியில் மீன்கள் ஏன் சாகின்றன என்ற கேள்விக்கு, "பாசி மேற்பரப்பை மூடுவதால் ஆக்சிஜன் கிடைக்காமல் மீன்கள் இறக்கின்றன" என்று எழுதினேன். ஐந்துக்கு இரண்டு போட்டிருக்கிறார்கள். எதை விட்டேன்? எப்படிப் படிப்பது?

க.

அன்புள்ள க.,

தொடக்கமும் முடிவும் சரி. நடுவில் உள்ளதைத் தாண்டிவிட்டீர்கள். கழிவுநீரோடு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏரிக்குள் வருகின்றன. அந்த ஊட்டத்தில் பாசி பெருகுகிறது. மேலே படர்ந்த பாசி வெளிச்சத்தை மறைக்க, அடியில் உள்ள நீர்த்தாவரங்கள் ஒளிச்சேர்க்கை செய்ய முடியாமல் மடிகின்றன. பாசியும் செத்து அடியில் படிகிறது. இந்தக் குவியலைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் பல மடங்காகி, தாம் சுவாசிக்க நீரில் கரைந்த ஆக்சிஜனை எடுத்துத் தீர்த்துவிடுகின்றன. மீன் சாவது அதனால்தான். ஆக்சிஜனைத் தீர்ப்பது யார் என்பதுதான் அந்தக் கேள்வியின் உயிர்நாடி. உங்கள் விடையில் பாக்டீரியா என்ற சொல்லே இல்லை. உயிருள்ள பாசி பகலில் ஆக்சிஜனை வெளிவிடத்தான் செய்கிறது என்பதை நினைவில் வைத்தால் இந்தத் தவறு வராது.

இது பிடிபட்டால் பி.ஓ.டி.யும் (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) பிடிபடும். அது நீரில் உள்ள ஆக்சிஜனின் அளவு அல்ல. கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்கு வேண்டிய ஆக்சிஜனின் அளவு. தேவை ஏற ஏற இருப்பு இறங்கும். பி.ஓ.டி. அதிகம் என்றால் நீர் சுத்தம் என்று எழுதிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

இனிப் படிக்கும் முறை. புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் முதல் காரணத்தை எழுதி, அம்புக்குறி போட்டு அடுத்ததை எழுதுங்கள். ஒவ்வொரு அம்புக்குறியிலும் 'எதனால்?' என்று கேளுங்கள். பதில் வராத இடத்தில் சிவப்பு மையால் வட்டமிட்டு, அந்த ஒரு பத்தியை மட்டும் புத்தகத்தில் பாருங்கள். மூன்று நாள் கழித்துப் புதுத் தாளில் மறுபடி. பாடம் முழுவதையும் திரும்பத் திரும்ப வாசிப்பதில் பழகிய உணர்வு வரும், விடை வராது.

அதிகம் குழம்பும் இடம் ஓசோனும் புவி வெப்பமாதலும். "ஓசோன் ஓட்டை வழியே வெயில் கூடுதலாக வருவதால் பூமி சூடாகிறது" என்று எழுதவே கூடாது. ஓசோன் படலம் தடுப்பது புற ஊதாக் கதிரை. பழைய குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன் வாயுவிலிருந்து பிரியும் குளோரின் அணு ஓசோனைச் சிதைத்தபின் தான் தீராமல் மறுபடி வெளிவருகிறது. அதனால்தான் கொஞ்ச வாயுவே பெரிய சேதம் செய்கிறது. வெப்பமாதல் வேறு கதை: தரையிலிருந்து எழும் அகச்சிவப்புக் கதிரைக் கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்றவை பிடித்து வைக்கின்றன. குளோரோபுளோரோகார்பன் பசுமை இல்ல வாயுவும்கூட என்பதால் இரண்டு பட்டியலிலும் அது வரும். குழப்பத்தின் வேர் பெரும்பாலும் அங்கேதான். ஒப்பந்தங்களையும் அந்தந்தப் பக்கத்தில் எழுதிவையுங்கள்: ஓசோனுக்கு மான்ட்ரியல், 1987, வெப்பமாதலுக்குக் கியோட்டோ, 1997, பாரிஸ், 2015.

உணவுச்சங்கிலியில் இரண்டு கணக்குகள் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. ஆற்றல் ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறையும்: தாவரத்தில் 10,000 ஜூல் என்றால் தாவர உண்ணியில் 1,000, அடுத்து 100. மீதியில் பெரும்பகுதி சுவாசத்தில் வெப்பமாகப் போகிறது. டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லியோ மேலே போகப்போகக் கூடும். பாடநூல்களில் வழக்கமாக வரும் எடுத்துக்காட்டில் சிறிய மீனில் 0.5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பெரிய மீனில் 2, மீன் தின்னும் பறவையில் 25. அது எளிதில் சிதையாது, கொழுப்பில் கரைந்து தங்கிவிடும். 'தங்கிவிடும்' என்று எழுதி நிறுத்தாமல், காரணத்தையும் எழுதுங்கள்.

நைட்ரஜன் சுழற்சியின் பாக்டீரியாப் பெயர்களுக்கு மட்டும் மனப்பாடம்தான் வழி. நைட்ரோசோமோனாஸ் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், நைட்ரோபாக்டர் அதை நைட்ரேட்டாக்கும். இந்த வரிசை மாறினால் மதிப்பெண் போகும்.

ஏரிக் கேள்வியை இன்றே மறுபடி எழுதிப் பாருங்கள். ஐந்து மதிப்பெண்ணுக்கு ஐந்து அம்புக்குறியாவது இருக்கட்டும்.