ஹாண்ட் பிறேக் இழுத்தும் ஜீப் ஏன் உருண்டது?

கேள்வி: அண்ணை, எங்கட பழைய டிஃபெண்டர் ஜீப்பில நெல்லு மூட்டை ஏத்திக்கொண்டு ஒட்டுசுட்டான் பக்கம் குளக்கட்டால வரேக்க பின் ரயர் பஞ்சர். ஹாண்ட் பிறேக்கை நல்லா இழுத்துப்போட்டுத்தான் ஜக் அடிச்சனான், வீல் நிலத்தை விட்டுக் கிளம்பின உடனே ஜீப் மெல்ல முன்னுக்கு உருண்டு ஜக் சரிஞ்சு விழுந்திட்டுது. பக்கத்தில நிண்ட தம்பிக்குக் கால் மயிரிழையில தப்பினது. பிறேக் பழுதோ?
– ஒரு வாசகர், முல்லைத்தீவு

பதில்: தம்பிக்கு ஒண்டும் ஆகேல்லை எண்டதே பெரிய ஆறுதல். பிறேக் பழுதாத்தான் இருக்கவேணும் எண்டில்லை. பழைய டிஃபெண்டரில ஹாண்ட் பிறேக் வீலில இல்லை, இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிச்சுக் குடுக்கிற ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸுக்குப் பின்னால பின் அச்சுக்குப் போற ஷாஃப்டைத்தான் பிடிக்குது. ஷாஃப்ட் அசையாமல் நிண்டாலும், ஒரு பின் வீல் அந்தரத்தில தொங்கினால் அச்சு நடுவில ரெண்டு வீலையும் வேற வேற வேகத்தில சுத்த விடுற டிஃப்ரன்ஷலுக்குள்ளால அது எதிர்ப்பக்கம் சுத்தும், நிலத்தில நிக்கிற மற்ற வீல் தாராளமா உருளும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

அதால கட்டை கொடுக்காமல் ஜக்கைத் தொடவே வேண்டாம். நிலத்தில நிக்கிற மற்றப் பக்கத்து வீலுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் கட்டை இறுக்குங்கோ. முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒண்டாப் பூட்டுற டிஃப் லொக்கைப் போட்டு, டாஷ்போர்டில லைட் எரியுதோ எண்டு பாத்து, லோ கியரில விடுங்கோ, அப்ப முன் வீல்களும் சேந்து பிடிக்கும். ஆனா கட்டைக்குப் பதில் அது இல்லை. கட்டையை வீட்டிலயிருந்தே கொண்டு போங்கோ, எங்கட பக்கம் மிதிவெடி எண்டு சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிக்கிற காணிகள் இன்னும் இருக்கு, கல்லுத் தேடி றோட்டை விட்டுக் காட்டுக்குள்ள இறங்கவே கூடாது.

மூட்டையை முதல் இறக்குங்கோ, ஆக்களையும்தான். வீல் நிலத்தில இருக்கேக்கயே நட்டை அரைச் சுத்து இளக்கிவிடுங்கோ, தூக்கினாப் பிறகு ஏறி மிதிச்சால் ஜீப் ஆடும். மாரி முடிஞ்ச கையோட குளக்கட்டு மண் புட்டு மாதிரி இருக்கும், ஜக் தூக்குதெண்டு நாங்கள் அடிச்சுக்கொண்டிருக்க உண்மையில ஜக்தான் கீழ இறங்கிக்கொண்டிருக்கும். ரெண்டு இஞ்சித் தடிப்பில ஒண்டரை அடிச் சதுரமா ஒரு பாலைப் பலகை சீற்றுக்குப் பின்னால கிடந்தால் போதும். ஜக்கைப் பஞ்சரான வீலுக்குக் கிட்ட அச்சுக்குக் கீழ வையுங்கோ, அச்சின்ர நடுக் குண்டில, டிஃப்ரன்ஷல் இருக்கிற இடத்தில, வைச்சால் ஒரு பக்கம் சரியும். ஸ்பெயார் வீலை சேஸிக்குக் கீழ படுக்கப் போட்டுவிடுங்கோ, ஜக் விட்டாலும் ஜீப் அதிலதான் குந்தும். உடம்பில ஒரு பகுதியும் கீழ போகவேண்டாம், விழுந்த நட்டை எடுக்கிறதெண்டாலும் தடியால இழுங்கோ.

நீட்டு ஹைலிஃப்ட் ஜக் இருக்கெண்டால் சேத்தில இழுக்க வைச்சிருங்கோ, ரயர் மாத்த எனக்கு அதில விருப்பமில்லை. அது ஜீப்பின்ர பொடியைத்தான் தூக்குது, ஸ்பிரிங் முழுக்க இழுபட்டுத்தான் வீல் கிளம்பும், அந்த உயரத்தில சின்னத் தள்ளு போதும் சரிய. கைபிடி திருப்பி அடிச்சால் தாடை போயிடும்.

மாத்தினாப் பிறகு நட்டைக் குறுக்குக் குறுக்கா இறுக்கி, புதுக்குடியிருப்புக்கோ கிளிநொச்சிக்கோ போய்ச் சேந்த உடனே திரும்ப ஒருக்கா இறுக்கிப் பாருங்கோ.