கவசத்தைக் கொண்டு உயரத்தை அறிய முடியுமா? – கேள்வி பதில்

ஐரோப்பிய இரும்புக் கவசங்களிலிருந்து முற்கால மனிதரின் உயரத்தைக் கணிப்பது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள்.

கோயம்புத்தூர் வாசகர்: லண்டன் கோபுரத்தில் கண்ட கவசங்கள் பல என் தோளுயரமே இருந்தன. அக்காலத்தவர் ஐந்தடி மனிதர்கள்தாமா?

இல்லை. கவசம் ஒரே இரும்புக் கூடு அன்று; தோல்வார்களாலும் நழுவும் ஆணிகளாலும் கோக்கப்பட்ட பல தகடுகளின் தொகுதி. போர்வீரன் அணிந்தபோது தொடைக்கவசம் மேலாடையோடு இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. தோல் மட்கியபின் வெற்றுச் சட்டத்தில் மாட்டும்போது தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து, முழு உருவமும் சில அங்குலம் குறுகிவிடும். மேலும், மார்புத்தகடு இடுப்பெலும்பு வரை நீள்வதில்லை. நீண்டால் குனியவும் குதிரை ஏறவும் முடியாது என்பதால், விலாவுக்குச் சற்றுக் கீழே, இடை ஒடுங்கும் இடத்திலேயே முடிந்துவிடும். நாம் கால்சட்டை கட்டும் இடத்தை இடுப்பென்று எண்ணிப் பார்ப்பதால், அந்த உடல் குட்டையாகத் தோன்றுகிறது.

எனவே, நிறுத்தி வைத்திருக்கும் கவசத்தின் உச்சியை அளந்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். கீழ்க்கால் தகட்டைப் பாருங்கள். கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையே காலை ஒட்டி மூடும் அந்தத் தகடு சற்று நீண்டாலும் பாதத்தை மடக்க முடியாது என்பதால், கொல்லர் அதை அணிபவரின் அளவுக்கே அடித்தார். எலும்புக்கூட்டிலிருந்து உயரத்தைக் கணிப்பவர்களும் கீழ்க்கால் எலும்பைப் பெரிதும் நம்புகிறார்கள்.

திருச்சி மருத்துவ மாணவி: அப்படியானால் எலும்புகள் கூறும் அளவுதான் என்ன?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த ஆண்களின் சராசரி உயரம் சுமார் 171 செ.மீ. 1461இல் இங்கிலாந்தின் டௌட்டன் போரில் மாண்டு ஒரே குழியில் புதைக்கப்பட்டு, 1996இல் வெளிப்பட்டவர்களின் சராசரியும் ஏறத்தாழ அதே அளவு. இன்றைய இந்திய ஆண்களின் சராசரி 166 செ.மீ.யை ஒட்டியது என்பதை இத்துடன் வைத்துப் பார்த்தால், 'குள்ளர்கள்' என்ற சொல்லை நாம் எவ்வளவு எளிதாக வீசுகிறோம் என்பது விளங்கும்.

வட ஐரோப்பிய எலும்புகளைத் தொகுத்து ஆராய்ந்த பொருளியலாளர் ரிச்சர்ட் ஸ்டெக்கல், 9 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை ஆண்களின் சராசரி சுமார் 173 செ.மீ. இருந்ததாகவும், 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அது 167 அளவுக்கு இறங்கியதாகவும் 2004இல் எழுதினார். உயரம் காலந்தோறும் ஏறிக்கொண்டே வந்தது என்ற எண்ணமே பிழை. பெருகிய நகரங்களின் நெரிசல், தொற்றுநோய், குளிர் மிகுந்த காலநிலை ஆகியவற்றை அவர் காரணங்களாகக் காட்டுகிறார். வளரும் வயதில் ஒரு பிள்ளைக்குச் சோறும் நலமும் கிடைத்தனவா என்பதை எலும்பு மறப்பதில்லை; எனக்கு இந்தத் துறையில் ஈடுபாடு வந்ததே இதனால்தான்.

சேலம் வாசகர்: லண்டன் கோபுரத்தில் ஆங்கிலேய இளவரசர் ஜான் ஆஃப் கான்ட்டின் கவசம் இரண்டு மீட்டருக்கும் மேல் நிற்கிறதே! முன்னோர் நம்மைவிடப் பேருருவினர் என்பதற்கு வேறு சான்று எதற்கு?

தஞ்சாவூர் வரலாற்று ஆசிரியை: சேலத்தாருக்கு என் மறுப்பு: ஒரு கவசத்தை வைத்து ஒரு நூற்றாண்டையே அளக்கலாமா?

ஆசிரியை கூறுவது சரி; அதற்கும் முன்னால் ஒரு தடை இருக்கிறது. அக்கவசம் ஜானுடையதே அன்று. அவர் 1399இல் இறந்தார். கவசமோ சுமார் 1540இல் ஜெர்மனியில் செய்யப்பட்டது. பெரிய கவசத்துக்குப் பெரிய பெயர் ஒன்றைப் பிற்காலத்தார் சூட்டிவிட்டனர். மெய்யாகவே உயர்ந்த இங்கிலாந்து அரசர்கள் இருந்தார்கள்: 1774இல் கல்லறை திறக்கப்பட்டபோது முதலாம் எட்வர்ட் 6 அடி 2 அங்குலம் இருந்தார், நான்காம் எட்வர்ட் 6 அடி 3 அங்குலத்துக்கும் சற்று மேல். ஆனால் இறைச்சியும் மீனும் குறைவின்றி உண்டு வளர்ந்த அரச குடும்பத்தாரைக் கொண்டு உழவரின் உயரத்தைக் கணிக்கலாகாது.

மதுரை வாசகர்: பொம்மை போன்ற கவசங்களும் உள்ளனவே?

அவற்றில் பல சிறுவர்களுக்கானவை. ஸ்பெயின் இளவரசர் லூயிஸுக்காக 1712இல் செய்யப்பட்ட கவசம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அப்போது அவருக்கு ஐந்து வயது. இத்தகையவை போரில் சிதையவில்லை, வேறொருவர் அணியத் திருத்தப்படவும் இல்லை. சிறியவை எஞ்சி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சென்னை வாசகர்: அக்கால மனிதர்கள் குள்ளமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

வேலூர் வாசகர்: ஆங்கிலேயர் எடுத்துச் சென்ற யானைக் கவசம் பற்றிக் கூறுங்கள்.

மதராஸ் ஆளுநர் எட்வர்ட் கிளைவின் மனைவி 1801இல் கொண்டுசென்றது. இன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் உள்ளது. மனித உயரத்துக்கு அது சான்றாகாது.

சேலம் வாசகர்: ஆஸ்திரியாவின் அம்ப்ராஸ் கோட்டையில் ராட்சதக் கவசம் இருப்பதையும் மறுப்பீர்களா?

மறுக்கவில்லை. அது ட்ரென்ட்டோவைச் சேர்ந்த பார்ட்ல்மே பான் என்ற ஒருவருக்காக 1560ஐ ஒட்டிச் செய்யப்பட்டது. காண்போர் வியக்கும் உருவம் என்பதற்காகவே அவர் வியன்னா வீரவிளையாட்டுக்கு அழைத்து வரப்பட்டார். ஊரெல்லாம் அவ்வுயரம் என்றால் அவரை யார் வேடிக்கை பார்த்திருப்பார்கள்?

தூத்துக்குடி வாசகர்: அருங்காட்சியகத்தில் கவசத்தின் மொத்த உயரத்தை அளந்தேன், 158 செ.மீ. எனவே அதை அணிந்தவர்…

கீழ்க்கால் தகட்டின் அளவை அனுப்புங்கள். அதன்பின் பேசலாம்.