அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 40. மணலியில் ஒரு கம்பெனிக்குள் கான்ட்ராக்டரிடம் வெல்டராக இருக்கிறார். போன மாதம் பழைய தின்னர் டேங்கை கேஸ் கட்டிங் செய்தபோது அது வெடித்து, வலது கை மோசமாகக் கருகிவிட்டது. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் இருக்கிறார். மாதம் 18,000 ரூபாய் ஜிபேயில் வரும். சம்பளச் சீட்டு கிடையாது. கம்பெனி, "அவர் எங்கள் ஆள் இல்லை" என்கிறது. கான்ட்ராக்டர் 50,000 ரூபாயோடு ஒரு பத்திரமும் கொண்டுவந்து, இனி எதுவும் கேட்க மாட்டோம் என்று கையெழுத்துக் கேட்கிறார். கம்பெனி வாசலில் டிபன் கடை வைத்திருக்கும் என் நாத்தனாருக்கும் கண்ணாடித் துண்டு பட்டுக் காயம். என்ன செய்வது?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள், சகோதரி. பயத்தில் ஏற்கெனவே போட்டிருந்தாலும் கலங்க வேண்டாம். நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. கைச்செலவுக்குப் பணம் தேவையென்றால் வாங்கிக்கொள்ளுங்கள். 'சிகிச்சைச் செலவுக்காக' என்று எழுதிய ரசீது மட்டும் கொடுங்கள். மருத்துவச் செலவு எப்படியும் அவர்கள் தரவேண்டியதுதான்.

அடுத்து, உங்கள் கணவருக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) எண் உண்டா என்று பாருங்கள். எந்தக் கதவைத் தட்டுவது என்பதே இதை வைத்துத்தான். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் ஈ.எஸ்.ஐ.க்குள் வருவார்கள். வேலையில் அடிபட்டவருக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. குணமாகும்வரை சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். ஊனம் நிலைத்துவிட்டால் அதன் அளவுக்கேற்ப மாதாமாதம் பணம் வரும். முதலாளி பதிவே செய்யாமல் விட்டிருந்தால் அது அவர் தப்பு. ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

ஈ.எஸ்.ஐ. பொருந்தினால் முதலாளியிடம் தனியாகத் தொழிலாளர் நஷ்டஈடு கேட்க முடியாது. பொருந்தாவிட்டால் தொழிலாளர் துறையின் நஷ்டஈட்டு ஆணையரிடம் மனு போட வேண்டும், தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் விசாரியுங்கள். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. கணக்குப் போடும் முறை அதேதான். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 ரூபாய் வரைதான் எடுத்துக்கொள்வார்கள். முழு ஊனம் என்றால் அதில் 60 சதவீதமான 9,000 ரூபாயை சட்ட அட்டவணையில் 40 வயதுக்குக் கொடுத்திருக்கும் எண்ணான 184.17-ஆல் பெருக்க வேண்டும்: 16,57,530 ரூபாய். சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம்தான் போனது என்றாலும் 6,63,012 ரூபாய். 50,000 ரூபாயோடு அவ்வளவு அவசரமாக ஏன் ஓடிவந்தார் என்று இப்போது புரிகிறதா? ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி உண்டு. தக்க காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் சேரும்.

இதில் 'சம்பாதிக்கும் திறன்' என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இடது கையை இழந்த ஒரு தச்சரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனம் என்று 1975-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வெல்டருக்கு வலது கையும் அப்படித்தான். டாக்டரிடம் சான்றிதழ் வாங்கும்போது அவர் செய்த வேலையைச் சொல்லி எழுதி வாங்குங்கள். புண் ஆறும் முன்பே சதவீதம் போட்டு வாங்க அவசரப்படாதீர்கள். மனு போட இரண்டு வருட அவகாசம் இருக்கிறது.

"எங்கள் ஆள் இல்லை" என்ற பேச்சு எடுபடாது. கான்ட்ராக்டர் மூலம் தன் வேலையைச் செய்வித்த கம்பெனியும் பொறுப்புதான். கொடுத்ததை அது கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். மனுவில் இருவரையும் சேருங்கள். அவர் கவனக்குறைவாக இருந்தார் என்பார்கள். டேங்கைக் கழுவி, உள்ளே ஆவி இல்லை என்று சோதித்த பிறகே பற்றவைக்க விட்டிருக்க வேண்டும்; அது யார் வேலை என்று திருப்பிக் கேளுங்கள். வெறும் கவனக்குறைவைக் காரணம் காட்டி இந்த நஷ்டஈட்டை மறுக்க முடியாது.

ஜிபே பதிவுகள், கேட் பாஸ், சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் சாட்சியம்தான். போனை மாற்றிவிடாதீர்கள். மருத்துவமனையில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியும், போலீஸில் எஃப்.ஐ.ஆர். நகலும் வாங்குங்கள். கூட வேலை செய்த வடமாநிலத் தம்பிகளின் ஊர், போன் எண் எல்லாவற்றையும் இந்த வாரமே குறித்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்த இடங்களில் முதலில் காணாமல் போவது அவர்கள்தான்; போகிறார்களா, அனுப்பிவைக்கப்படுகிறார்களா என்பது வேறு கதை.

உங்கள் நாத்தனார் அங்கே தொழிலாளி இல்லை என்பதால் அவருக்கு வழி வேறு. அபாயகரமான பொருளைக் கையாளும்போது நடந்த விபத்தில் வெளியாள் பாதிக்கப்பட்டால், 1991-ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி கலெக்டரிடம் மனு கொடுக்கலாம். யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் இதில் தொகை குறைவு. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. ஐந்து வருடத்துக்குள் அங்கும் போகலாம். 2021 பிப்ரவரியில் விருதுநகர் மாவட்டம் அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்தபோது, இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் கொடுக்கச் சொன்னது இந்தத் தீர்ப்பாயம்தான்.

வக்கீல் பீஸை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-க்கு போன் செய்யுங்கள். அந்தப் பத்திரத்தை மட்டும் கான்ட்ராக்டரிடம் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்து வக்கீலிடம் காட்டுங்கள். "எங்கள் ஆள் இல்லை" என்று சொல்பவர்களின் பெயர் அதில் இருந்தாலும் இருக்கும்.