பட்மின்டன் இரட்டையரில என்ர சோடி கனடா போயிட்டார். சோடி மாறினால் தரவரிசைப் புள்ளி என்னோட கூட வருமா? உலகத் தரவரிசைப் பட்டியலில என்ர பேரையும் காணேல்லை.

வராது தம்பி. உங்கட சோடி கனடா போயிட்டார் எண்டாலும், சேர்ந்து எடுத்த புள்ளி உங்கள் ரெண்டு பேரின்ர பேரிலதான் நிக்கும். இரட்டையர் உலகத் தரவரிசை ஆளுக்கில்லை, சோடிக்கு. புதுச் சோடி பூச்சியத்தில தொடங்கவேணும்.

பட்டியலில பேரைக் காணேல்லை எண்டதுக்கும் இதுவே காரணமாயிருக்கும். பழைய சோடியின்ர பேரை அடிச்சுத் தேடிப் பாருங்கோ. கடைசி 52 கிழமைப் போட்டியள்தான் கணக்கு, பழசு தானாக் கழண்டிடும்.

மனம் விடாதேங்கோ. கொரியாவின்ர சோ சூங் ஜே 2023 இல காங் மின் ஹ்யுக்கோட உலகச் சம்பியன், 2025 இல கிம் வொன் ஹோவோட திரும்பவும்.

ஒண்டு: இது உலகத் தரவரிசைக்கு மட்டும். யாழ் மாவட்டப் போட்டியள், தேசியத் தெரிவுக்கு விதி வேறயாயிருக்கலாம். பேர் குடுக்க முதல் சங்கத்திட்டக் கேளுங்கோ.