சமநிலையிலும் வேலையின்மை எப்படி?

கேள்வி: முதுகலைப் பொருளியல் படிக்கிறேன். சமநிலை வந்துவிட்டால் உபரி இருக்கக் கூடாது. பிறகு வேலையின்மை எப்படி நீடிக்கிறது? கூலியைக் குறைத்தால் தீர்ந்துவிடாதா? தேர்வில் இதை எப்படி எழுதுவது?

பதில்: நீங்கள் சொல்வது உழைப்புச் சந்தையின் சமநிலை. பொருளியலாளர் கீன்ஸ் 1936இல் முன்வைத்தது வேறொன்று: மொத்த உற்பத்தியும் மொத்தச் செலவும் சமமாகும் நிலை. அது முழு வேலைவாய்ப்பில்தான் அமைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அரசும் அயல் வாணிபமும் இல்லை என்று கொள்வோம். நுகர்வு 100 கோடி ரூபாயும், அதோடு வருமானத்தில் ரூபாய்க்கு 80 காசும். முதலீடு 100 கோடி. சமநிலை வருமானம் 1,000 கோடி. அந்த அளவில் எல்லோருக்கும் வேலை உண்டு. இப்போது தொழில் நடத்துவோர் எதிர்காலத்துக்கு அஞ்சி முதலீட்டை 60 கோடியாக்குகிறார்கள். வருமானம் 800 கோடிக்கு இறங்கி அங்கேயே நின்றுவிடும். சரிபார்க்க: 100 + 640 + 60. செய்த சரக்கெல்லாம் விற்றுவிட்டது, கிடங்கில் தேக்கம் இல்லை. ஆகவே இன்னோர் ஆளைச் சேர்க்க எந்த ஆலைக்கும் காரணம் இல்லை, வாயிலில் எத்தனை பேர் காத்திருந்தாலும்.

கூலிக் குறைப்பு ஒரு தனி ஆலைக்கு உதவும். எல்லா ஆலைகளும் குறைத்தால், சரக்கை வாங்க வேண்டியவர்களின் வருமானமே சுருங்கும். அமெரிக்காவில் 1929 முதல் 1933 வரை கூலியும் விலைவாசியும் சேர்ந்தே சரிந்தன. கடன் மட்டும் பழைய தொகையிலேயே நின்று மக்களை நசுக்கியது. வேலையின்மை சுமார் 3 சதவீதத்திலிருந்து 25 சதவீதத்தை நெருங்கியது. கூலியைக் குறைப்பதே மருந்து என்பவர்கள் இந்த ஆண்டுகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விலை சரிந்தால் கையிலுள்ள பணத்தின் மதிப்பு உயர்ந்து செலவு கூடும் என்ற பொருளியலாளர் பிகுவின் வாதத்தையும் விடாமல் குறிப்பிடுங்கள்.

பிறழ்ச்சி வேலையின்மையும் (ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடைக்காலத்தில் வருவது) அமைப்புசார் வேலையின்மையும் (ஆட்களின் திறனும் கிடைக்கும் வேலையும் பொருந்தாததால் வருவது) சரக்குகளுக்கான தேவை குறையாதபோதும் இருப்பவை. அவற்றை இதனுடன் கலக்காமல் தனிப் பத்தியில் எழுதுங்கள்.

படத்தில் செலவும் வருமானமும் சமமாகும் புள்ளிகளைக் காட்டும் 45 டிகிரி கோட்டை வரைந்து, 1,000இல் முழு வேலைவாய்ப்பைச் செங்குத்துக் கோடாகக் காட்டுங்கள். செலவுக் கோடு அதை 800இல் வெட்டட்டும். பணவாட்ட இடைவெளியை, அதாவது முழு வேலைவாய்ப்பு வருமானத்தில் செலவு எவ்வளவு குறைகிறது என்பதை, 200 என்று எழுதிப் பலர் மதிப்பெண் இழக்கிறார்கள். 1,000 கோடி வருமானத்தில் செலவு 960 கோடி. இடைவெளி 40 கோடிதான். அந்த 40 கோடியை 5ஆல் பெருக்கினால் வருவதே 200 கோடி வருமான இழப்பு. இந்த 5தான் ‘பெருக்கி’: செலவு ஒரு ரூபாய் மாறினால் வருமானம் எத்தனை ரூபாய் மாறும் என்ற அளவு (1 ÷ 0.20).