விடுமுறைக்கு மட்டும் போய்த் தங்கும் வீட்டில் புது பாய்லர் போடப் போகிறோம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

அண்ணனும் நானும் சேர்ந்து வாங்கிய மலை வீட்டில் மூன்று வருடங்களுக்கு முன் பாய்லரை மாற்றினோம். எரிவாயுவில் ஓடுவது. அறைகளைச் சூடாக்க வெந்நீர் ஓடும் ரேடியேட்டர், குளியலறைக் குழாய் இரண்டுக்கும் அது ஒன்றுதான். வருடத்தில் நாற்பது நாள் அங்கே இருந்தாலே அதிகம். ஆனால் பாய்லர் பார்க்கப் போனபோது, எவ்வளவு சீக்கிரம் சூடாகும், எவ்வளவு எரிவாயு மிச்சம் என்று குடியிருக்கும் வீட்டுக்குக் கேட்பதைத்தான் கேட்டோம். ஆளில்லாத மீதி முந்நூற்றுச் சொச்சம் நாள் அது தனியாக என்ன செய்யும் என்று கேட்கத் தோன்றவில்லை.

முதல் குளிர்காலத்திலேயே தெரிந்துவிட்டது. குழாய்கள் உறையாமலிருக்கக் குறைந்த சூட்டில் ஓடவிட்டுவிட்டு வந்திருந்தோம். அடுத்த முறை இரவு பத்து மணிக்குப் போய்க் கதவைத் திறந்தால் வெளியை விட உள்ளேதான் குளிர் அதிகம் போல இருந்தது. பாய்லர் பழுதுக் குறி காட்டிக்கொண்டு நின்றிருந்தது. இப்போது வரும் பாய்லர்கள் புகையில் கலந்திருக்கும் நீராவியைக் குளிரவைத்து, அந்த வெப்பத்தையும் விடாமல் எடுத்துக்கொள்பவை. அப்படிக் குளிரும் ஆவி தண்ணீராகி ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய் வழியே வெளியேறும். எங்களுக்குப் பொருத்தியவர் அந்தக் குழாயை வெளிச்சுவரோடு நீளமாக இறக்கியிருந்தார். சொட்டுச் சொட்டாக வந்த தண்ணீர் அதற்குள்ளேயே உறைந்து அடைத்துக்கொண்டது. வடிய வழியில்லை என்றால் பாய்லர் தானே நின்றுவிடும். அண்ணி தண்ணீரை வெதுவெதுப்பாகச் சூடாக்கிக் கொடுக்கக் கொடுக்க, நான் வெளியே நின்று குழாய் மேல் ஊற்றிக்கொண்டிருந்தேன். வீட்டில் எந்தக் குழாயும் வெடிக்காமல் தப்பியது எங்கள் அதிர்ஷ்டம்.

அதனால் பொருத்த வருபவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: அந்த வடிகுழாய் எங்கே போகிறது? முடிந்தவரை வீட்டுக்குள்ளேயே போய்க் கழிவுநீர்க் குழாயில் சேர வேண்டும். வெளியே விட்டே ஆக வேண்டுமென்றால் அந்தப் பகுதி குட்டையாக, தடிமனான குழாயாக, நல்ல சரிவோடு, மேலே வெப்பக்காப்பு உறையோடு இருக்கட்டும். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் அமிலத்தன்மை உண்டு. இரும்புக் குழாயில் விடக் கூடாது.

அடுத்தது உறைபனி. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். குழாய் வெடிப்பது அதனால்தான். "இதில் உறைபனித் தடுப்பு இருக்கிறது சார்" என்பார்கள். உண்மைதான். ஆனால் அது முக்கியமாகப் பாய்லருக்குள் இருப்பதைக் காப்பாற்றத்தான். தூரத்துக் குளியலறைக் குழாயை அல்ல. அதுவும் மின்சாரமும் எரிவாயுவும் இருந்தால்தான் வேலை செய்யும். நாங்கள் இப்போது ஆளில்லாதபோது, வீட்டின் சூட்டைப் பார்த்துப் பாய்லரை ஓட்டும் தெர்மோஸ்டாட்டை 8 டிகிரியில் வைத்து, தண்ணீரின் மெயின் வால்வை மூடி, குடிநீர்க் குழாய்களைக் காலி செய்துவிட்டு வருகிறோம். எங்காவது விரிசல் விட்டாலும் வீடு குளமாகாது. ஆனால் ரேடியேட்டர் தண்ணீரை ஒவ்வொரு தடவையும் வடித்துவிடாதீர்கள். புதுத் தண்ணீரோடு புது ஆக்சிஜனும் உள்ளே போய் இரும்பு துருப்பிடிக்கும். அதற்கென்றே விற்கும் உறைதடுப்புத் திரவத்தை, பாய்லர் கம்பெனி ஒத்துக்கொள்ளும் வகையாகப் பார்த்து, ரேடியேட்டர் தண்ணீரில் மட்டும் கலக்கலாம்.

எரிவாயு சிலிண்டரில் வருகிறதா? அப்படியானால் உள்ளே இருப்பது பியூட்டேனா புரொப்பேனா என்று பாருங்கள். பியூட்டேன் சுமார் 0 டிகிரியிலேயே ஆவியாக மறுக்கும். சிலிண்டர் நிறைய இருந்தும் பாய்லர் எரியாது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். இரண்டுமே காற்றை விடக் கனமானவை, கசிந்தால் பள்ளத்தில் தேங்கும். ஆகவே நிலவறையில் பாய்லர் வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

வெந்நீர் டேங்க் வேண்டுமா என்பதில் அண்ணனுக்கும் எனக்கும் ஒரு வாரம் சண்டை. எட்டுப் பேர் ஒன்றாகப் போவோம், டேங்க் இருந்தால் இரண்டு ஷவர் ஒரே நேரத்தில் ஓடும் என்பது அவர் கட்சி. அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. டேங்க் இல்லாத காம்பி பாய்லரில் 10 டிகிரித் தண்ணீரை 45 டிகிரியாக்கி நிமிடத்துக்கு 10 லிட்டர் தர ஏறக்குறைய 24 கிலோவாட் வேண்டும். அது ஒரு ஷவருக்குத்தான் சரியாக இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் டேங்கில் தேங்கும் தண்ணீரில் லீஜியோனெல்லா என்ற கிருமி வளரலாம். சாரலோடு மூச்சில் போனால் நுரையீரலைத் தாக்கும். அந்தக் கிருமிக்குப் பிடித்த சூடு 20 முதல் 45 டிகிரி. ஒவ்வொரு தடவை போனதும் டேங்கை 60 டிகிரிக்கு ஏற்றிக் காத்திருந்துதான் குளிக்க வேண்டும். கடைசியில் காம்பிதான் வாங்கினோம், வரிசையில் நின்று குளிக்கிறோம். அண்ணன் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுவார். காம்பியானாலும் ஷவர் குழாயில் பழைய தண்ணீர் நிற்கும். ஜன்னலைத் திறந்துவைத்து, சாரல் தெறிக்காமல் கொஞ்ச நேரம் ஓடவிட்ட பிறகே யாரையும் உள்ளே அனுப்புவோம்.

பழைய ரேடியேட்டர்களை வைத்துக்கொண்டு பாய்லரை மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால், உள்ளே சேர்ந்திருக்கும் கருப்புத் துருச் சேற்றைக் கழுவிவிட்டு ஒரு காந்த வடிகட்டியும் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சேறு புது பாய்லருக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும். அந்த விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது. ஆளில்லாத வீட்டில் புகைபோக்கி வாயை எது வேண்டுமானாலும் அடைக்கலாம். போனதும் அலாரத்தின் பொத்தானை அழுத்திப் பாருங்கள், அப்புறம் பாய்லரைப் போடுங்கள்.

போனிலேயே சூட்டைப் பார்க்கும் தெர்மோஸ்டாட் நல்லதுதான், நாங்களும் வைத்திருக்கிறோம். ஆனால் மின்சாரம் போனால் இணையமும் சேர்ந்தே போய்விடும். பார்க்க வேண்டிய நேரத்தில் ஒன்றும் தெரியாது. இப்போதெல்லாம் திரையில் எதுவும் வராவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போடுவேன். சாவி அவரிடம்தான் இருக்கிறது. மெயின் வால்வு எங்கே என்று என் அண்ணனை விட அவருக்கு நன்றாகத் தெரியும்.